ஸ்டோர் என்றால் கடை அல்ல

கேள்வி இது: "அக்கா, வண்டன்மேட்டுப் பக்கம் அப்பாவுக்கு ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. விவசாயிகள் பச்சைக்காய் கொண்டுவருவார்கள். உலர்த்திக் கொடுத்துவிட்டு, பச்சை எடைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறோம். துண்டுச்சீட்டுக் கணக்கைச் செயலியாக மாற்றலாம் என்று ஏஐயிடம் உட்கார்ந்தேன். மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது. எனக்கு ஆங்கிலத்தில் சரியாகக் கேட்கத் தெரியாததுதான் காரணமா? அதனிடம் எப்படிப் பேச வேண்டும்?"

தம்பி, உங்கள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் அதற்கு அனுப்பிய முதல் செய்தியைப் படித்தேன். "ஏலக்காய் ஸ்டோருக்கு ஒரு செயலி செய்து கொடு." பதிலுக்கு அது கட்டிக் கொடுத்ததையும் பார்த்தேன். பொருள் பட்டியல், விலை, கூடை, வாங்குபவரின் முகவரி, இணையவழிப் பணம், போதாக்குறைக்குத் தள்ளுபடிக் கூப்பன். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்டோர் என்றால் கடை. கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்துப் பக்கம் இறங்குகிறவர்களுக்குத்தான் அது காய் உலர்த்தும் கட்டடம். அந்த ஒரு சொல்லில் வண்டி தடம் மாறிவிட்டது. மூன்று வாரமாக நீங்கள் ஒரு கடையைச் சுவர் சுவராக இடித்து ஸ்டோராக மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உடையாமல் என்ன செய்யும்?

நான் தேனி மாவட்டத்துக் கம்பத்தில் இருந்துகொண்டு சிறு வியாபாரிகளுக்குக் கணக்குச் செயலிகள் செய்து கொடுக்கிறேன். திராட்சை கமிஷன் மண்டி, மருந்துக்கடை, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் என்று எல்லாம் கலந்த வேலை. இப்போது நிரலில் பெரும்பகுதியை ஏஐதான் எழுதுகிறது. ஆகவே நீங்கள் பட்ட பாடெல்லாம் எனக்கும் பழக்கம்தான்.

முதலில் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எல்லாமே பெருமொழி மாதிரிகள். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுபவை. கூடை வைத்த கடைச் செயலியை அவை எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கும். உங்கள் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும் துண்டுச்சீட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் அது உலகத்தில் அதிகம் புழங்கும் வழக்கத்தைக் கொண்டு நிரப்பிவிடும். கேட்காமலே நிரப்பும், முகத்தில் சந்தேகமே காட்டாமல் நிரப்பும்.

2025 பிப்ரவரியில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்று ஒரு பெயர் வைத்தார். நிரலைத் திறந்தே பார்க்காமல், வேண்டியதைச் சொல்லி, வந்ததை ஏற்றுக்கொண்டு போகும் முறை. வார இறுதியில் விளையாட்டாகச் செய்து பார்க்கும் வேலைகளை மனத்தில் வைத்துத்தான் அவரே அதைச் சொன்னார். உங்கள் செயலியில் அடுத்தவன் காயும் பணமும் இருக்கிறது. பச்சை எடையில் அரைக் கிலோ தவறினால் ஸ்டோர் வாசலில் சண்டை வரும்.

ஆகவே, அதற்கு நிரல் எழுதத் தெரியும் என்பதை நம்பிவிடுங்கள், அதில் அது உங்களையும் என்னையும்விடக் கெட்டிதான். உங்கள் ஸ்டோர் மட்டும் அதற்குத் தெரியாது. உங்கள் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே இருக்கட்டும். "அழகான, நவீனமான, பயன்படுத்த எளிதான செயலி" என்றெல்லாம் நீங்கள் எழுதியிருந்த வரிகளால் ஒரு பயனும் இல்லை. அவற்றை எடுத்துவிட்டுச் சீட்டை வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒரு சீட்டை எடுத்துக்கொள்கிறேன். பெயரை விட்டுவிட்டு மற்றதை அப்படியே எழுதினால் இவ்வளவுதான்: "25-8. 4 சா. 186.400. க 1.500." அடுத்து வட்டம் போட்டு ஒரு "ம". கீழே வேறு மையில் "38.200". நான்கு சாக்கு, சாக்கோடு 186 கிலோ 400 கிராம், நான்கு சாக்குக்கும் சேர்த்துக் கழிவு ஒன்றரைக் கிலோ, ஆக நிகரப் பச்சை 184.900. கீழே இருப்பது உலர்ந்து இறங்கிய எடை, 38.200. தோட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இயந்திரத்துக்கு ஒவ்வொரு எழுத்தையும் விளக்க வேண்டும்.

இந்த ஒரு சீட்டிலேயே எத்தனை கேள்வி ஒளிந்திருக்கிறது, பாருங்கள். கூலி சாக்கோடு சேர்ந்த எடைக்கா, கழிவு போன எடைக்கா? கிலோவுக்கு 12 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கழிவு போக 2,218 ரூபாய் 80 காசு, கழிவு போகாமல் 2,236 ரூபாய் 80 காசு. அந்த 80 காசை அப்பா என்ன செய்வார்? 2,218 வாங்குவாரா, 2,219 வாங்குவாரா, "இருபதாகக் கொடுங்கள்" என்பாரா? கழிவைச் சாக்குக்கு இவ்வளவு என்று நிலையாகப் போடுகிறாரா, சாக்கை எடைபோட்டுப் பார்க்கிறாரா? ஒருவர் காய் குறைவாக இருந்தால் இன்னொருவர் காயோடு ஒரே அறையில் போடுவாரே, அப்போது எந்தத் தட்டு யாருடையது என்று எங்கே குறிக்கிறார்? உலர்ந்த காயை எடுத்துப் போகாமல் ஏலம் வரைக்கும் ஸ்டோரிலேயே வைத்துவிட்டுப் போகிறவருக்குக் கணக்கு எப்போது முடிகிறது? கூலியைப் பணமாகத் தராமல் காயாகக் கழித்துக்கொள்ளச் சொல்கிறவர் உண்டா? இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் ஏஐயிடம் சொல்லவில்லை. அதுவும் கேட்கவில்லை. தானாக ஒரு பதிலை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டது. நாலு மாதம் கழித்து ஒருநாள், நிகர எடைக்குப் பதிலாக மொத்த எடைக்குக் கூலி போட்டிருக்கிறது என்று தெரியவரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் புது உரையாடல் திறந்து இப்படித் தொடங்குவேன்:

"ஏலக்காய் உலர்த்தும் நிலையத்துக்குக் கணக்குச் செயலி வேண்டும். இங்கே எதுவும் விற்பதில்லை. விவசாயி பச்சைக்காய் கொண்டுவருவார், நாங்கள் எடைபோட்டு, உலர்த்தி, அவர் காயை அவரிடமே திருப்பிக் கொடுத்து, பச்சையின் நிகர எடைக்குக் கூலி வாங்குவோம். பயன்படுத்துகிறவர்கள் இரண்டே பேர், நானும் அப்பாவும். அப்பா போனில் தமிழில் பார்ப்பார், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டோரில் பாதி நேரம் சிக்னல் இருக்காது, சிக்னல் இல்லாதபோதும் சீட்டுப் போட முடிய வேண்டும். கீழே ஐந்து உண்மையான சீட்டுகளும், ஒவ்வொன்றுக்கும் அப்பா வாங்கிய தொகையும் இருக்கின்றன. இன்னும் ஒரு வரி நிரல்கூட எழுதாதே. முதலில் நீ புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல். பிறகு, தெளிவில்லாத எல்லாவற்றையும் கேள்."

கடைசி மூன்று வாக்கியங்கள்தான் இதில் உயிர். திருப்பிச் சொல்லச் சொன்னால் அது எங்கே தடம் மாறியது என்று உடனே தெரிந்துவிடும். "உங்கள் வாடிக்கையாளர்கள் ஏலக்காய் வாங்கும்போது" என்று ஒரு வாக்கியம் வந்தால் அங்கேயே பிடித்து நிறுத்தலாம். நிரல் எழுதிய பிறகு பிடித்தால் மூன்று வாரம் போகும். கேள்வி கேட்கச் சொன்னால் அது கேட்கும், நன்றாகவே கேட்கும். போன மாதம் ஒரு மண்டிக்காரருக்குச் செய்தபோது என்னிடம் பதினான்கு கேள்வி கேட்டது. அதில் நான்குக்கு எனக்கே பதில் தெரியவில்லை. மண்டிக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஐந்து சீட்டு என்றேன். ஐந்தும் ஒரே மாதிரி இருந்தால் பயனில்லை. ஒன்று சாதாரணம். ஒன்று இரண்டு நாள் எடுப்பைச் சேர்த்து உலர்த்தியது. ஒன்று பாதிக் கூலி பாக்கி. ஒன்று அடித்துத் திருத்தியது. ஒன்று, அப்பா ஏன் அப்படிப் போட்டார் என்று உங்களுக்கே புரியாதது. விடையோடு கொடுத்துவிட்டு, "இந்த ஐந்துக்கும் இந்த விடை வருகிறதா என்று சோதிக்கும் நிரலையும் எழுது, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை ஓட்டு" என்று சொல்லிவிடுங்கள். கூடவே இன்னொன்றும் சொல்லுங்கள்: "சோதனை தோற்றால் நிரலைத் திருத்து, சோதனையைத் திருத்தாதே." இது விளையாட்டல்ல. விடை பொருந்தவில்லை என்றால் எதிர்பார்த்த விடையையே மாற்றி எழுதிவிட்டு "எல்லாச் சோதனைகளும் தேறின" என்று அறிவிக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. நானே பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்து அதற்குத் தெரியாத இன்னொரு கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்த காய். மேலே உள்ள சீட்டில் 184.900-க்கு 38.200 இறங்கியிருக்கிறது, வகுத்தால் 4.84. அப்பா இதை வகுத்தெல்லாம் பார்க்க மாட்டார், சாக்கைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். அதைச் செயலிக்குச் சொல்லிக்கொடுங்கள்: விகிதம் நாலுக்குக் கீழே போனாலோ ஆறுக்கு மேலே போனாலோ "எடையை ஒருமுறை பாருங்கள்" என்று கேட்க வேண்டும், ஆனால் தடுக்கக் கூடாது. புள்ளி தவறி 382 என்று அடித்தால் அந்த நிமிடமே பிடிபடும். இப்படி ஒரு விதியை ஏஐ தானாகக் கொண்டுவராது. நீங்கள் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடும். எல்லைகளை அப்பாவிடம் கேட்டு வையுங்கள், நான் சொன்ன நாலும் ஆறும் வெறும் தொடக்கம்.

தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழிலேயே பேசலாம். நான் பாதி நாள் அப்படித்தான் பேசுகிறேன். இந்த மாதிரிகள் எழுத்தை 'டோக்கன்' என்னும் சிறு துண்டுகளாக நறுக்கிப் படிக்கின்றன. அதே செய்திக்குத் தமிழில் பொதுவாக ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டு விழும், அதனால் நமக்குப் பயன்படுத்தக் கிடைக்கும் அளவு சீக்கிரம் தீரும். மற்றபடி புரிதலில் பெரிய தடை இல்லை. தடை வருவது வேறு இடத்தில். நாம் பேசும்போது "காய்" என்பதையே மூன்று பொருளில் பேசுகிறோம். "காய் வந்துவிட்டது" என்றால் பச்சை. "காய் இறங்கிவிட்டது" என்றால் உலர்ந்தது. "காய் என்ன போகிறது?" என்றால் ஏல விலை. நமக்குக் குழப்பமில்லை. அது ஒரு நாள் பச்சை எடைப் பெட்டியில் உலர் எடையை எழுதி வைக்கும். ஆகவே தொடக்கத்திலேயே ஒரு சொற்பட்டியல் போடுங்கள். பச்சை, கழிவு, நிகரம், உலர் எடை, கூலி, பாக்கி: ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம், நிரலுக்குள் வர வேண்டிய ஒரே ஒரு பெயர். பிறகு அந்தச் சொற்களை நீங்களும் மாற்றாதீர்கள். திங்கட்கிழமை "விவசாயி" என்றும் புதன்கிழமை "பார்ட்டி" என்றும் வெள்ளிக்கிழமை "கஸ்டமர்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தரவுத்தளத்தில் மூன்று அட்டவணை இருப்பதன் காரணம் அதுதான்.

இனி, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைவது. மூன்று வாரம் ஒரே உரையாடலில் ஓட்டியிருக்கிறீர்கள். இந்த மாதிரிகள் ஒரு நேரத்தில் பார்க்கக்கூடிய எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. அளவு நிரம்பினால் பழைய செய்திகள் சுருங்கும் அல்லது விழும். நிரம்பாதபோதும் நடுவில் எங்கோ சொன்னது மங்கிவிடும். முதல் வாரத்தில் கூலி மொத்த எடைக்கு என்றும், இரண்டாம் வாரத்தில் நிகர எடைக்கு என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் அங்கேயே கிடக்கின்றன. எது கடைசி முடிவு என்று அது ஒவ்வொரு தடவையும் ஊகிக்கிறது.

இதற்கு நான் செய்வது: முடிவான விதிகளை மட்டும் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதித் திட்டக் கோப்புறையில் வைத்துவிடுவேன். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக விடமாட்டேன். கிளாட் கோட், கர்சர் போன்ற, நிரல் எழுதும் ஏஐ கருவிகள் அப்படிப்பட்ட கோப்பை ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுத் தொடங்கும். சாதாரண உரையாடல் பெட்டி என்றால் நீங்களே ஒட்ட வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் உரையாடலை மூடிவிட்டு அடுத்த வேலையைப் புதிதாகத் தொடங்குங்கள். விதி மாறினால் கோப்பில் பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள், இரண்டையும் வைக்காதீர்கள்.

கிட் பழகிக்கொள்ளுங்கள், நிரலின் ஒவ்வொரு நிலையையும் பதிந்து வைக்கும் கருவி அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் வேலைக்காக எழுதியது. உங்களுக்கு அதில் நான்கைந்து கட்டளை போதும். நன்றாக ஓடும் நிலையில் ஒரு பதிவு, அப்புறம்தான் ஏஐயைத் தொடவிடுவது. கெடுத்துவிட்டால் திருத்தச் சொல்லிக் கெஞ்சாமல் பழைய பதிவுக்குத் திரும்பிவிடலாம். கெட்ட நிரலை அதனிடமே கொடுத்து மூன்றாம் முறையும் நான்காம் முறையும் திருத்தச் சொன்னால் ஒட்டுமேல் ஒட்டாகப் போடும். இரண்டு முறைக்கு மேல் நான் கேட்பதில்லை. பின்னால் போய், வேறு விதமாக விளக்கிப் புதிதாகக் கேட்பேன்.

"ரசீது அச்சிடும்போது பெயர் வெட்டுப்படுகிறது, அதைச் சரிசெய்" என்று கேட்டதற்கு அது கூலிக் கணக்கையும் "மேம்படுத்தி" வைத்தது என்று எரிச்சலோடு எழுதியிருந்தீர்கள். புது வேலைக்காரர்போல அதற்கு ஆர்வம் அதிகம். "எந்தக் கோப்புகளைத் தொடப்போகிறாய், ஏன் என்று முதலில் சொல்" என்று கேளுங்கள். பெயர் வெட்டுப்படுவதற்கு ஐந்து கோப்பைத் தொட வேண்டும் என்று பதில் வந்தால், அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பிழையைச் சொல்லும் விதம். குமுளி மலைப்பாதையில் ஓடும் ஜீப்பை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு யாராவது போவார்களா? "பாரத்தோடு இரண்டாம் கியரில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது முன்பக்கம் இடப்புறம் டக் டக் என்கிறது, காலியாகப் போனால் சத்தமில்லை" என்போம். ஏஐயிடம் மட்டும் "வேலை செய்யவில்லை" என்று இரண்டே சொல். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, திரையில் வந்த பிழைச் செய்தி எழுத்து மாறாமல், எந்தப் போன், எப்போது மட்டும் வருகிறது. அதிலும் கடைசியானதுதான் பெரும்பாலும் முடிச்சை அவிழ்க்கும். "இரண்டு போனிலும் சிக்னல் இல்லாதபோது சீட்டுப் போட்டால் மட்டும் ஒரே எண் இரண்டு சீட்டுக்கு வருகிறது" என்று எழுதினீர்களானால் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

என் கதை ஒன்று சொல்கிறேன், இதில் குற்றம் என்னுடையதுதான். விடியற்காலையில் இங்கிருந்து தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருப்பவர் ஒருவருக்கு நடைக்கணக்குச் செயலி. பழைய கணக்கு ஒரு எக்செல் தாளில் இருந்தது. "தாளைப் படித்து நடைகளை மாதவாரியாகச் சேர்" என்றேன். சேர்த்தது. கூட்டுத்தொகையும் மொத்தத்தில் சரியாக இருந்தது, திருப்தியாகக் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஓட்டுநர் வந்து, ஆகஸ்டில் தன் நடை பாதி காணோம் என்றார். தேதிகளை அது அமெரிக்க முறைப்படி மாதம் முன்னால், நாள் பின்னால் என்று படித்திருக்கிறது. 5-8 என்பது மே எட்டு ஆகிவிட்டது. 13-ஆம் தேதியிலிருந்து, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அவற்றை மட்டும் நம் முறைப்படியே படித்துவிட்டது. அதனால்தான் திறந்து பார்த்தபோது கண்ணில் படவில்லை. நான் பார்த்த இரண்டு மூன்று வரிகளும் மாதக் கடைசியில் இருந்தவை. அன்றிலிருந்து தேதிக்கு எடுத்துக்காட்டு எழுதினால் 25-8 மாதிரி, வேறு விதமாகப் படிக்கவே முடியாத தேதியைத்தான் எழுதுகிறேன். எடுத்துக்காட்டு எதற்கும் இது பொருந்தும். இரண்டு பொருள் தராத எடுத்துக்காட்டைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

எண்களிலும் இப்படி ஒன்று இருக்கிறது. கணினி பதின்மப் புள்ளி எண்களை இரும முறையில் வைப்பதால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பல மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். ஒரு சீட்டில் தெரியாது, பருவம் முழுவதும் கூட்டும்போது காசில் இடிக்கும். "எடையைக் கிராமிலும் பணத்தைக் காசிலும் முழு எண்ணாக வை, திரையில் காட்டும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாயாகவும் மாற்று" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். முதலிலேயே சொன்னால் ஒரு வரி, பின்னால் சொன்னால் செயலி முழுவதும் மாற்ற வேண்டும்.

நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய தலைவலி பெயர்கள். உங்கள் விவசாயிகளில் பாதிப் பேர் பெயர் தமிழில், பாதி மலையாளத்தில். "பெயர் பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். கணினியில் எழுத்துகளுக்குக் குறி கொடுக்கும் முறையான யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம்: ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. அப்பா போன் ஒரு விதமாகவும் உங்கள் கணினி இன்னொரு விதமாகவும் அடித்திருந்தால் கணினிக்கு அவை இரண்டு பெயர். தமிழுக்கு, இரண்டையும் ஒரே வடிவாக்கும் 'என்எஃப்சி' என்னும் சீராக்கம் செய்தால் தீர்ந்துவிடும். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு, அதாவது உயிர் சேராமல் தனி வடிவில் வரும் மெய்யெழுத்துகளுக்கு, அது போதாது. 2008-இல் வந்த யூனிகோடு 5.1-இல்தான் அவற்றுக்குத் தனிக் குறி கிடைத்தது. அதற்கு முன்பிருந்த முறையில் அடித்த பெயர்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன, சீராக்கம் அவற்றை ஒன்றாக்காது. தனியாக மாற்றச் சொல்ல வேண்டும். ஏஐக்கு இதெல்லாம் தெரியும், கேட்டால் அழகாக விளக்கும். ஆனால் "தேடல் வேலை செய்யவில்லை" என்றபோது அது தேடல் நிரலை மூன்று முறை மாற்றி எழுதியது. பெயர்கள் இரண்டு மொழியில், இரண்டு கருவியிலிருந்து வருகின்றன என்பதை நீங்கள் சொல்லவும் இல்லை, அதற்குத் தெரியவும் இல்லை.

அப்புறம், அது ஆமாம்சாமி. "கூலியை உலர் எடைக்குப் போடுவதுதானே சரி?" என்று கேட்டுப்பாருங்கள், ஆமாம் என்று நான்கு காரணம் சொல்லும். அடுத்து "இல்லை, பச்சைக்குத்தானே?" என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதற்கும் நான்கு சொல்லும். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ மாதிரியின் ஒரு புதுப்பிப்பை, அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்பதற்காகத் திரும்பவே பெற்றுக்கொண்டது. "சரிதானே?" என்று முடியும் கேள்வியை நான் விட்டுவிட்டேன். "இதைச் செய்ய இரண்டு வழி சொல், ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் உடையும் என்று சொல்" என்று கேட்கிறேன். நிரல் முடிந்ததும் புது உரையாடலில் அதை ஒட்டி, "இது வேறொருவர் எழுதியது, குறை கண்டுபிடி" என்பேன். தான் எழுதியது என்று தெரியாதபோது கொஞ்சம் கறாராகவே பார்க்கிறது. பொய்தான், போகட்டும்.

வரி விஷயத்தில் மட்டும் அதன் தைரியத்தை நம்பாதீர்கள். மாநிலத்துக்குள் என்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், மாநிலம் தாண்டினால் ஐஜிஎஸ்டி என்ற பொது விதியை அது சரியாகவே சொல்லும். ஆனால் உங்களுக்கு ஸ்டோர் கேரளத்தில், காய் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு வீடு கம்பத்திலும் கூடலூரிலும். உலர்த்தும் கூலிக்கு வரி உண்டா, எந்த மாநிலக் கணக்கு என்பதை உங்கள் ஆடிட்டரிடம் எழுதி வாங்கி, அந்த விதியை அப்படியே ஏஐக்குக் கொடுங்கள்.

விவசாயிகளின் போன் எண், வங்கிக் கணக்கு எண், உங்கள் கடவுச்சொல், சேவைகளுக்கான ரகசியச் சாவி இவற்றை உரையாடலில் ஒட்டாதீர்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய படத்திலேயே இரண்டு போன் எண் தெரிந்தன. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பது ஒருபுறம், அவர்கள் நம்பி உங்கள் அப்பாவிடம் கொடுத்த எண்கள் அவை. மாதிரிக்கு வேறு எண் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இருக்கும் நிரலைக் காப்பாற்ற முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது, விட்டுவிடுங்கள். கூடையும் கூப்பனும் அடிவாரத்தில் இருக்கின்றன. சொற்பட்டியலும் ஐந்து சீட்டும் விதிக் கோப்பும் கையில் இருந்தால் புதிதாகக் கட்டுவதற்கு மூன்று வாரம் ஆகாது. முதலில் சீட்டுப் போடும் ஒரு திரை மட்டும். அதை அப்பா ஒரு வாரம் சீட்டோடு சேர்த்துப் பயன்படுத்தட்டும். சீட்டும் செயலியும் ஏழு நாள் ஒத்துப்போன பிறகு பாக்கிக் கணக்கு, அதற்கப்புறம் ரசீது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த வட்டம் போட்ட "ம". உங்கள் ஏஐ அதை "மொத்தம்" என்று எடுத்துக்கொண்டு ஒரு கட்டமே போட்டிருக்கிறது. பக்கத்தில் தொகை எதுவும் இல்லாததால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆகஸ்ட் மாதத்துச் சீட்டு, மழையில் எடுத்த ஈரக்காய் என்று அப்பா குறித்து வைத்திருக்கலாம், அப்படியானால் உலர்த்த விறகும் நேரமும் கூடுதல், கூலியும் கூடுதலாக இருக்கலாம். இதுவும் ஊகம்தான், அது செய்ததைத்தான் நானும் செய்கிறேன். இன்று ராத்திரி அப்பா சாப்பிட உட்காரும்போது கேட்டுவிட்டு எழுதுங்கள்.